வரப்புத் துளசி

ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
22 ஆகஸ்ட் 2024

சம்பந்தி மயிலம்மாளுக்கு வைதேஹி அநேக நமஸ்காரம். பெருமாள் அனுக்ரஹத்தில் இங்கே நானும் இவரும் க்ஷேமம். உங்கள் க்ஷேமத்தையும் சம்பந்தி வீரமலையின் முழங்கால் க்ஷேமத்தையும் தனித்தனியாக எழுதவும்.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள், இது வக்கீல் நோட்டீஸ் இல்லை. போன மாதம் கோர்ட்டில் விவாகரத்து மனு கொடுத்த அன்று, உங்கள் ரஞ்சித்தும் எங்கள் மாதுரியும் நம்மை வாசலில் நிறுத்தி வைத்து என்ன சொன்னார்கள்? "இனிமே ரெண்டு வீட்டுக்காரங்களும் போன்ல பேசிக்காதீங்க. பேசினா ஒண்ணு அழுகை, இல்ல சண்டை." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. போனில் பேசக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? கடுதாசி போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! கடுதாசி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்காது. தபாலாபீசில் இன்லேண்ட் லெட்டர் கேட்டபோது அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மே மாதம் கடைசியாகப் பேசிப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தோமே. பேச்சு முறிந்து எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பும்போது, நீங்கள் மட்டும் வயல் பக்கம் ஓடிப்போய் ஒரு செடியை வேர்மண்ணோடு வாழைச் சருகில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தீர்கள். "என்ன செடி?" என்று கேட்டேன். "துளசி மாதிரிதாங்க" என்றீர்கள். எங்காத்து மாடத்துத் துளசி சித்திரை வெயிலில் காய்ந்து மாடம் காலியாக இருந்தது. அதில் இதை வைத்தேன். இப்போது இடுப்புயரம் வந்து, தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக வெள்ளைப் பூ. எலுமிச்சம்பழத்தோலும் பச்சைக் கற்பூரமும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. நாங்கள் துளசியைத் திருத்துழாய் என்போம். இப்படி மணக்கிற திருத்துழாயை இந்த அறுபத்தோரு வயதில் நான் பார்த்ததில்லை.

விடியற்காலையில் ஒரு சொப்பனம். சித்திரை வீதி முழுக்க இந்தச் செடி வளர்ந்து நிற்கிறது. அதற்குள் தேர் சத்தமில்லாமல் படகு போலப் போகிறது. வடம் பிடிக்க ஒருவர்கூட இல்லை. வாசனைதான் இழுத்துக்கொண்டு போகிறது. விழித்த பிறகும் வெகு நேரம் எழுந்திருக்க மனசு வரவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜட்ஜ் மறுபடி கூப்பிட்டுக் கேட்பாராம். அதுவரை நான் உங்களுக்குச் சம்பந்தி. அதற்கப்புறம் யார்? இதைக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். எனக்கு மாப்பிள்ளை போகிறார், உங்களுக்கு மருமகள் போகிறாள். அது தலையெழுத்து. கூடவே நீங்களும் ஏன் போக வேண்டும்? எனக்கு அது பிடிக்கவில்லை. பதில் போடவும்.

இப்படிக்கு,
வைதேஹி


உ
முசிறி,
2 செப்டம்பர் 2024

சம்பந்தியம்மாவுக்கு மயிலம்மாள் வணக்கம். உங்கள் கடுதாசி வந்ததில் இருந்து நான் சுகம். இவருடைய முழங்கால் சுகமில்லை, வாய் மட்டும் வழக்கம்போலச் சுகம். உங்கள் வீட்டு ஐயாவுக்கு இருமல் நின்றதா?

தபால் கொண்டுவரும் ஜாஸ்லின் வாழைத்தோட்டத்து மேட்டில் நின்று, "யக்கா, உனக்கு லவ் லெட்டர் வந்திருக்கு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினாள். நான் எட்டாவதோடு நின்றவள். வாரப் பத்திரிகை படிப்பேனே தவிர எழுதி வெகு காலம் ஆயிற்று. பிழை இருந்தால் டீச்சரம்மா மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை அத்துவிட்டால் அத்துவிட்டதுதான். பிரிந்துபோன வீட்டு வாசலில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டோம், அவர்களும் நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். என் சின்னம்மா மகளை அத்துவிட்டபோது, சந்தையில் எதிரே வந்த பழைய சம்பந்தியைப் பார்த்து சின்னம்மா முக்காடு போட்டுக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். உங்களைப் பார்த்து நான் அப்படிப் போவதா? ஆறு மாதம் இருக்கிறதே, ஆற அமர யோசிப்போம்.

செடி பிழைத்ததில் சந்தோஷம். அதை மாடத்திலா வைத்தீர்கள்? ஏதாவது தொட்டியில் வைப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே வரப்பு நெடுக அதுதான். விடிகிற நேரம் மடை திறக்கப் போகும்போது புடவை ஓரம் பட்டால் போதும், வீடு வரைக்கும் வாசனை கூடவே நடந்து வரும். சில நாள் ஆற்றுப் பனி இறங்கி வயலே தெரியாது. வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் வரப்பில் கால் வைப்பேன். வேறொன்றுமில்லை.

மயிலம்மாள்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
18 செப்டம்பர் 2024

சம்பந்தி மயிலம்மாளுக்கு வைதேஹி எழுதிக்கொண்டது. இங்கே சௌக்கியம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. அங்கேயும் அப்படியே இருக்கப் பிரார்த்தனை. பிழை ஒன்றே ஒன்றுதான். "எட்டாவதோடு நின்றவள்" என்று எழுதியது. எழுத்து அப்படிச் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்துவிட்டது. விடியற்காலை குளித்து, மாடத்தைச் சுற்றிக் கோலம் போட்டு விளக்கேற்றி, உங்கள் செடியைப் பன்னிரண்டு பிரதக்ஷிணம் செய்கிறேன். பெருமாள் தீர்த்தத்தில் அந்த இலையைத்தான் சேர்க்கிறேன். இவர் தினமும் கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, "என்ன வாசனை வைதேஹி! கொள்ளிடத்துக்கு அந்தப்பக்கத்து மண்ணு விசேஷம்" என்கிறார். வருஷக்கணக்காக இருந்த இருமல் இப்போது காணோம். திருத்துழாய் மகிமை என்று எதிராத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார்.

சுற்றும்போது என்னவோ ஆகிறது, மயிலம்மா. எட்டாவது சுற்றுக்கு மேல் முற்றம் மறைந்துபோய் நீங்கள் எழுதிய வரப்பு வந்துவிடுகிறது. காலுக்குக் கீழே ஈரம். முன்னால் யாரோ நடந்து போகிறார்கள். சில நாள் அது மாதுரியாக இருக்கிறது, ஆறு வயசு மாதுரி. சில நாள் நீங்கள். கூப்பிட்டால் கலைந்துவிடும் என்று கூப்பிடாமல் பின்னாலேயே போகிறேன். பன்னிரண்டு முடிந்ததும் முற்றம் திரும்ப வந்துவிடுகிறது. என் பெண் வாழ்க்கை இப்படி ஆனதில் எனக்குத் தூக்கமே போயிருந்தது. இந்தச் செடிதான் என்னை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரு கதிர் பூவைக் காயவைத்து இதற்குள் மடித்திருக்கிறேன். உங்கள் பொருள்தான், உங்களுக்கே.

வைதேஹி


உ
முசிறி,
3 அக்டோபர் 2024

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். நாங்கள் நலம். ஐயாவுக்கு இருமல் நின்றது கேட்டு மகிழ்ச்சி.

கடுதாசியைப் பிரித்ததும் என் வரப்பு வாசனையே என் மேல் வந்து விழுந்தது. பூவை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகப் பேனாவைக் கையில் எடுக்கிறேன், வைக்கிறேன். எழுத்தில் வரவில்லை. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். சாமிக்கு வைக்க அங்கே வேறு துளசி கிடைக்காதா? சும்மாதான் கேட்டேன். ஏலக்கி வாழைத்தார் முற்றியிருக்கிறது. நாளை இவர் காந்தி மார்க்கெட்டுக்கு லோடு கொண்டு போகிறார். மழை வரும்போல இருக்கிறது, அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

மயிலம்மாள்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
20 அக்டோபர் 2024

மயிலம்மாளுக்கு,

நேரில் சொல்கிறேன் என்றீர்களே, அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். பூக்காரி யமுனா சொல்லிவிட்டாள்.

நேற்று சனிக்கிழமை. பூ கொடுக்க உள்ளே வந்தவள் மாடத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னங்க மாமி, நாய்த்துளசிக்குக் கோலம் போட்டு வெளக்கு வேற ஏத்தியிருக்கீங்க! எங்க ஊருல வரப்புல மொளைக்கிற களைங்க இது" என்று சொல்லி ஒரே சிரிப்பு. வாசலில் காய் வாங்கிக்கொண்டிருந்த எதிராத்து மாமி, அடுத்தாத்து மாமி எல்லோர் காதிலும் விழுந்தது. சாயங்காலத்துக்குள் உத்திர வீதி முழுவதும் தெரிந்துவிட்டது. இவருக்கும் தெரிந்தது. குளித்துவிட்டு வந்து பெருமாள் முன்னால் விழுந்து சேவித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் தெரியாமல் கொடுக்கவில்லை. "துளசி மாதிரி" என்றபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, இப்போது ஞாபகம் வருகிறது. மாடத்தில் வைத்தேன் என்று எழுதினேன். தீர்த்தத்தில் சேர்க்கிறேன் என்று எழுதினேன். பிரதக்ஷிணம் செய்கிறேன், அழுகிறேன், சொப்பனம் காண்கிறேன் என்று ஒன்று விடாமல் எழுதினேன். படித்துவிட்டு வாழைத்தார் கதை எழுதினீர்கள். ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதக் கூடாதா? என்னை ஏன் பைத்தியக்காரி ஆக்கினீர்கள்?

உங்கள் வீட்டை நம்பிப் பெண்ணைக் கொடுத்தேன். அது எப்படி ஆயிற்று என்று ஊருக்கே தெரியும். செடி மட்டும் வேறு எப்படி இருக்கும்?

வைதேஹி


ஸ்ரீரங்கம்,
16 நவம்பர் 2024

மயிலம்மாளுக்கு,

க்ஷேமம் விசாரிக்கிற யோக்யதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கடைசி இரண்டு வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. தபால்பெட்டியில் போட்ட அடுத்த நிமிஷமே கையை விட்டு எடுக்கப் பார்த்தேன், பெட்டியின் வாய் சின்னது. தபால்காரர் வரும் வரை ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். அவர் தர மாட்டேன் என்றுவிட்டார், சட்டமாம்.

செடியைப் பிடுங்கவில்லை. மாடத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் ஒரு தொட்டியில் வைத்தேன். மாடத்தில் யமுனா கொடுத்த துளசி இருக்கிறது. அதைச் சுற்றினால் முற்றம் முற்றமாகவே இருக்கிறது. எங்கும் போக முடியவில்லை.

பதில் போடாவிட்டாலும் இதைப் படித்தீர்கள் என்றாவது தெரியப்படுத்தவும்.

வைதேஹி


உ
முசிறி,
20 டிசம்பர் 2024

சம்பந்தியம்மாவுக்கு மயிலம்மாள் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இரண்டு கடுதாசியும் கிடைத்தன. இரண்டு மாதம் பதில் போடாமல் இருந்தது வீம்புக்கு இல்லை. முதல் மாதம் கோபம், ஒளிக்க மாட்டேன். என் பிள்ளையையும் செடியையும் ஒரே வரியில் வைத்து எழுதினீர்கள். இரண்டாவது மாதம் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நேற்று எங்கள் வீட்டுக்காரர், "எழுதித் தொலையேன். அடுப்புல பருப்பு தீயிறதுகூடத் தெரியாம ஒக்காந்திருக்க" என்றார். அதனால் எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி மூன்றரை வருஷம். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஏழு தடவை. முதல் தடவை நீங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே புதுப் பாத்திரம், புது அடுப்பு வாங்கினேன். கவிச்சி சமைத்த சட்டியை எல்லாம் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றினேன். தலைக்குக் குளித்து, வெங்காயம் பூண்டு இல்லாமல் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், பால் பாயசம். நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். "இன்னிக்கு விரதம், ஒண்ணும் சாப்பிடறதில்லை" என்றீர்கள். சரி என்று இளநீர் வெட்டினோம். இரண்டாம் தடவையும் விரதம். மூன்றாம் தடவை வயிறு சரியில்லை. ஏழு தடவையும் இளநீர், வாழைப்பழம். தண்ணீரைக்கூட உங்கள் பையில் பாட்டிலில் கொண்டுவந்தீர்கள். "அவங்க பஞ்சாங்கத்துல நம்ம வீட்டுக்கு வர்ற நாளெல்லாம் விரதம்தானா?" என்று இவர் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ராத்திரி அந்தப் பாயசத்தைக் கன்றுக்குட்டிக்கு ஊற்றும்போது சிரிக்கவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டு வழக்கம் அது. என் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவீர்கள், என் மேல் உங்களுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கை தொட்டுச் சமைத்தது உங்கள் வாய்க்குப் போகாது. இரண்டும் நிஜம். அதை என்ன செய்வது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

மே மாதம் பேச்சு முறிந்தது. இனி நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டது. வெறுங்கையோடு உங்களை அனுப்ப மனசு கேட்கவில்லை. அடுப்பில் ஏறாதது, என் கை சமைக்காதது என்ன இருக்கிறது என்று தேடினேன். கொடுத்தனுப்புகிற அளவுக்குப் பழம் அன்று பழுத்திருக்கவில்லை. வயல் பக்கம் ஓடினேன், வரப்பில் இது வாசனையாக நின்றது. கொடுக்கும்போது பேரைக் கேட்டீர்கள். நாய் என்ற சொல்லை உங்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அதையும் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய்விடுவீர்களோ என்று பயம். அவ்வளவுதான் நடந்தது.

மாடத்தில் வைத்தேன் என்று நீங்கள் எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். தப்புதான். ஆனால் மூன்றரை வருஷத்தில் இளநீர், பழம் தவிர நான் கொடுத்த ஒன்றை நீங்கள் வாயில் வைத்தது அப்போதுதான். அந்தத் தீர்த்தத்தை நினைத்து ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். உங்கள் சாமி என்னை மன்னித்துக்கொள்ளட்டும்.

மயிலம்மாள்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
18 ஜனவரி 2025

மயிலம்மாளுக்கு வைதேஹி. இங்கே எல்லோரும் க்ஷேமம். அங்கே பொங்கல் நன்றாக நடந்திருக்கும்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், சொர்க்கவாசல் திறந்த அன்று வீதியில் கால் வைக்க இடமில்லை. மாதுரி பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனாள். மெலிந்திருக்கிறாள். பிப்ரவரி ஐந்தாம் தேதி கோர்ட்டு என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். தொட்டியில் செடி விதை கட்டியிருக்கிறது.

நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுத இந்தத் தாளில் இடம் போதாது.

வைதேஹி


உ
முசிறி,
8 பிப்ரவரி 2025

வைதேஹி அம்மா அவர்களுக்கு மயிலம்மாள் வணக்கம். சம்பந்தியம்மா என்று எழுதிவிட்டு அடித்தேன், தாளில் தெரிகிறது பாருங்கள். வீடு வந்து சேர்ந்தது முதல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இடம் போதாது என்று எழுதியிருந்தீர்கள். தாளில் முக்கால்வாசி காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தையும் நான் படித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

புதன்கிழமை கோர்ட்டு வராந்தாவில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள். நீங்கள் என்னைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தீர்கள். அதற்குள் ஐயா கூப்பிட்டுவிட்டார். நானாவது வந்திருக்கலாம். என் கொழுந்தனார், நாத்தனார் எல்லாம் பக்கத்தில் நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார்கள், தீர்ந்தது என்றார்கள். வெளியே வந்து பார்த்தால் ரஞ்சித்தும் மாதுரியும் ரோட்டோரக் கடையில் ஒன்றாக நின்று டீ குடிக்கிறார்கள்! அவன் ஏதோ சொல்கிறான், அது சிரிக்கிறது. பிரிந்துபோனதுகள் டீ குடித்தன. பிரியாத நாம் விரோதி மாதிரி நின்றோம்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஒரே கனவு. வயல் எல்லாம் தண்ணீர். வரப்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிகிறது. அந்த முனையில் நீங்கள் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். நான் நடக்கிறேன், நடக்கிறேன், வரப்பு நீண்டுகொண்டே போகிறது. வாசனை வருகிறது, நீங்கள் வரவில்லை.

இனி உங்களுக்கு நான் எழுதுவதில் முறை ஏதுமில்லை. எந்த உரிமையில் எழுதுகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? அதனால் இதுதான் கடைசிக் கடுதாசி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதையும் எழுதிவிடுகிறேன்.

மயிலம்மாள்


ஸ்ரீரங்கம்,
15 பிப்ரவரி 2025

மயிலம்மா,

வருகிற வியாழக்கிழமை குணசீலம் பெருமாளைச் சேவிக்கப் போவதாக இவரிடம் சொல்லியிருக்கிறேன். டோல்கேட்டில் பஸ் ஏறுவேன். டிக்கெட் முசிறிக்கு எடுப்பேன்.

வைதேஹி


உ
முசிறி,
24 பிப்ரவரி 2025

அன்புள்ள வைதேஹி அம்மாவுக்கு மயிலம்மாள். பஸ்ஸில் இடம் கிடைத்ததா? வயிறு ஒன்றும் செய்யவில்லையே? அதைத்தான் முதலில் எழுதவும்.

கடைசிக் கடுதாசி என்று எழுதியவள் மறுபடி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். நான்கு நாளாகியும் எனக்கு அது கனவு மாதிரிதான் இருக்கிறது. ஒருதரம் எழுதிப் பார்த்தால்தான் நடந்தது என்று நம்புவேன்.

அன்று காலையும் பனி. நீங்கள் வருகிறீர்கள் என்று இவரிடம் சொன்னேன். "வந்து எளநி குடிச்சிட்டுப் போவாங்க" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துத் தீட்டி வைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் உங்களுக்கென்று ஒன்றும் சமைக்கவில்லை. எங்களுக்கு மட்டும் மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தேன், சின்ன வெங்காயமும் பூண்டும் மிதக்க மிதக்க. நீங்கள் வந்து செருப்பைக் கழற்றினீர்கள். நான் பழத்தட்டை எடுத்தேன். "பசிக்கறது மயிலம்மா. என்ன பண்ணியிருக்கேள்?" என்றீர்கள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. "பத்து நிமிசம் இருங்க, வேற சாம்பார் வைக்கிறேன்" என்றேன். "இருக்கறது போறும்" என்றீர்கள். "வெங்காயம் போட்டிருக்கு, பூண்டு போட்டிருக்கு" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே நின்றேன். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். இவர் முழங்கால் வலியை மறந்து தோட்டத்துக்கு ஓடி நுனி இலை அறுத்துக்கொண்டு வந்தார். நான் அவசரத்தில் பரிமாறியதில் குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது. முதல் கவளத்தை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். அது கஷ்டமா, காரமா என்று நான் கேட்கவில்லை. வெங்காயத்தைக்கூட ஒதுக்காமல் சாப்பிட்டீர்கள். இரண்டாம் தரம் சோறு கேட்டீர்கள். இவர் கதவுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே கேட்டால் வியர்வை என்பார்.

ஐயாவிடம் என்ன சொன்னீர்களோ, சொல்லாமல் இருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. வீட்டில் சங்கடம் வந்தால் எழுதுங்கள். என்னால் ஆனது ஒன்றுமில்லை, ஆனாலும் எழுதுங்கள்.

உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தால் பக்கத்து வீட்டு அற்புதம்மாள் அக்கா வாசலிலேயே நிற்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "கோர்ட்டுல தீந்துபோச்சுன்னு சொன்ன? இப்ப வந்து கை நனைச்சிட்டுப் போறாங்க? இனிமே அவங்க ஒனக்கு என்ன மொறை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தேன். அன்று பயமே வரவில்லை.

"மொறையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. எங்க வீட்டுல சாப்புட்டவங்க" என்றேன்.



மயிலம்மாள்